குழந்தை எத்தனை கிலோ?

செஞ்சி கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை கொண்டு போனால், தராசை விட்டு கண்ணை எடுக்க மாட்டோம். பூச்சி மருந்து அடிக்கும்போதும் பத்து லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லின்னு கேட்டுத்தான் ஊத்துவோம். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல்னு வாங்குற மருந்துச் சீட்டில் எடை எழுதியிருக்கான்னு யாரும் பாக்கறதில்லை. எங்க வல்லம் பக்கம் மட்டுமில்லை, உங்க சென்னையிலயும் இதே கதைதான்.

பெரியவங்களுக்கு ஒரு மாத்திரைன்னா ஒரு மாத்திரை. குழந்தைக்கு எடைதான் கணக்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 தாண்டக் கூடாது. கடையில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கு, 250 உள்ளதும் இருக்கு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100. சீட்டில் வெறுமனே ‘5 மில்லி’ன்னு இருந்தால், கையில் கிடைக்கிற பாட்டிலைப் பொறுத்து 125-ம் போகலாம், 250-ம் போகலாம், 500-ம் போகலாம். அளவு மீறினால் ஈரலுக்குக் கேடு.

வயசும் முக்கியம். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைங்க செத்ததுக்கு அப்புறம், 2 வயசுக்குள்ள உள்ளவங்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாதுன்னு மத்திய அரசு சொல்லிச்சு. சீட்டில் வயசே இல்லைன்னா மருந்துக்கடைக்காரர் எதை வச்சுத் தடுப்பார்?

1945-ம் வருஷத்து மருந்து விதிகளில் 65-வது விதி, சீட்டில் நோயாளி பேர், விலாசம், தேதி, டாக்டர் கையெழுத்து, மருந்தின் மொத்த அளவு, சாப்பிடும் அளவு இருக்கணும்னு சொல்லுது. வயசும் எடையும் அந்தப் பட்டியல்ல இல்லை. குழந்தைங்க சீட்டுக்கு இந்த ரெண்டையும் கட்டாயம் ஆக்கணும் என்பது என் கருத்து.

கூட்டத்துல டாக்டருக்கு நேரம் ஏதுன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனால் குழந்தையைத் தராசில் நிறுத்தி எடையைச் சீட்டில் குறிக்க நர்ஸம்மாவுக்கு அரை நிமிஷம் போதும்.

சட்டம் வரும்போது வரட்டும். லீவுக்குப் பிள்ளைங்களை ஊருக்கு அனுப்புறீங்க. ராத்திரி காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்கப் போறது ஆயாதான். அதனால் டாக்டர் ரூமை விட்டு எழுந்திரிக்கும் முன்னாடி சீட்டைப் பாருங்க. வயசு, எடை, மருந்தோட பேர், எந்த வீரியம், ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருதடவை, எத்தனை நாள். ஒண்ணு விட்டிருந்தாலும் கேளுங்க. கேட்டால் கோவிச்சுக்குவாரோன்னு தயங்காதீங்க. மூட்டைக்குக் கேக்குற வாய், பிள்ளைக்கும் கேக்கட்டும்.