கரகத்துக்கு ஒரு குளம் வேண்டும்

சைத்ர பௌர்ணமி இரவில் பெங்களூரு பேட்டைப் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயில் வாசலில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கலையாது. கரகத்தின் காவலர்களான வீரகுமாரர்கள் உருவிய வாளோடு வரிசைகட்டி நிற்பார்கள். 'கோவிந்தா' கோஷம் எழும். சேலை கட்டி, வளையலும் தாலியும் அணிந்த ஆண் ஒருவர், மல்லிகைப் பூவால் கோபுரம்போல ஜோடித்த கரகத்தைத் தலையில் ஏந்தி வெளியே வருவார். கை கரகத்தைத் தொடாது. வீட்டு வாசல்களிலிருந்தும் மாடிகளிலிருந்தும் மல்லிகை வந்து விழும். விடிய விடிய வீதிவலம். வழியில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போகாமல் கரகம் திரும்பாது.

இந்த விழாவைச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரிய அளவில் காட்ட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. காட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஓர் இரவு மட்டும்தான் கரகம் என்று நினைத்துத் திட்டம் போட்டால், கொஞ்ச காலத்தில் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

கரகத்தின் சொந்தக்காரர்கள் திகளர்கள். வன்னிகுல க்ஷத்ரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்தவர்களாகச் சொல்லப்படும் இவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள். பூவும் காய்கறியும் பயிரிட்டு இந்த ஊருக்குக் கொடுத்தவர்கள். ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கிலும் இவர்கள் கைவண்ணம் உண்டு என்பார்கள். நம் தமிழக வட மாவட்டங்களில் பாரதம் படித்து, கூத்தாடி, தீமிதித்துக் கும்பிடும் அதே திரௌபதை அம்மன்தான் இங்கே கரகமாக எழுந்தருளுகிறாள்.

தோட்டக்காரர்களின் விழா என்பதால் அதன் உயிர் தண்ணீரில் இருக்கிறது. பதினொரு நாள் விழாவில் ஹசி கரகம் (பச்சைக் கரகம்) என்ற சடங்கு நடக்கும் இடம் சம்பங்கி ஏரி. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தபின் நகரத்துக்கு அந்த ஏரி வேண்டாததாகிவிட்டது. ஏரிப் படுகையில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. சடங்குக்கென்று ஒரு சின்னக் குளம் மட்டும் மூலையில் மிச்சம். ஏரியை நம்பியிருந்த தோட்டங்களும் போய்விட்டன. மல்லிகையை இப்போது சந்தையில்தான் வாங்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் கரகம் நிற்காமல் நடக்கிறது என்றால், அது அந்த மக்களின் பிடிவாதம். விழாவுக்கு வெகு முன்பே விரதம் தொடங்கும். கரடி மனை எனப்படும் பயிற்சிக்கூடங்களில் உடற்பயிற்சியும் வாள் பழக்கமும் நடக்கும்.

தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளைக் காக்க யுனெஸ்கோ 2003இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 2005இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. ஒரு சமூகம் தன் மரபு என்று எதை ஏற்கிறதோ அதுவே மரபு என்பது அதன் அடிப்படை. கொல்கத்தா துர்கா பூஜை 2021இல் அந்த உடன்படிக்கையின்கீழ் யுனெஸ்கோ வெளியிடும் மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. கரகத்துக்கும் அந்தத் தகுதி உண்டு. ஆனால் பட்டியலுக்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

பயணிகளுக்காகக் கரகம் புறப்படும் நேரத்தை மாற்றக் கூடாது. கோயில் வாசலில் கட்டணப் பந்தல் போடக் கூடாது. பேட்டை வீதிகளைப் பகலில் சுற்றிக்காட்டும் வேலையைத் திகளர் பிள்ளைகளுக்கே கொடுக்கலாம். கரடி மனைகளைச் செப்பனிட்டு, அவர்கள் சம்மதித்தால் வெளியாருக்குத் திறந்துவிடலாம். வருகிற பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கே சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் அந்தச் சம்பங்கிக் குளத்தைத் தூர்வாரி, ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கச் செய்யுங்கள். கரகத்தைக் காப்பதாகச் சொல்லும் எந்த அரசும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.