வங்கி கைமாறினால் கடன் யாருடையது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கொஞ்ச நாளாக ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று விதமாக என்னிடம் கேட்டுவிட்டார்கள். பழைய மாணவர் ஒருவர், "சார், நான் கடன் வாங்கின பேங்கே இப்ப இல்லை. புது பேங்க்ல நான் எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடலை. அவங்க எப்படி என்கிட்ட கேட்கலாம்?" என்றார். இன்னொருவர் நண்பனுக்கு ஜாமீன் போட்டவர். "பேங்க் மாறினதும் ஜாமீன் முடிஞ்சதுன்னு சொல்றாங்களே, உண்மையா?" என்று கேட்டார். மூன்றாமவர் எனக்கு மாமா முறை. பீரோவில் இருந்த பழைய பங்குப் பத்திரத்தை எடுத்து வந்து, "இதுக்கு இப்ப என்ன வரும் மாப்பிள்ளை?" என்றார்.

முதல் இருவருக்கும் பதில் ஒன்றுதான். கடனும் போகவில்லை, ஜாமீனும் போகவில்லை. மாமாவுக்கு நான் சொன்ன பதில், ஒன்றும் வராது என்பது. முதல் இரண்டிலும் சட்டம் நியாயமாகவே இருக்கிறது என்பது என் கருத்து. மூன்றாவதில் முடிவைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த முடிவுக்கு வந்த வழியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று விளக்குகிறேன்.

பிளஸ் ஒன்னில் இருப்புநிலைக் குறிப்பு நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். இடப்பக்கம் பொறுப்புகள், வலப்பக்கம் சொத்துகள். வங்கியின் இருப்புநிலைக் குறிப்பை எடுத்தால் நம் பார்வைக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். நீங்கள் போட்ட டெபாசிட் வங்கிக்குக் கடன், அது இடப்பக்கம். நீங்கள் வாங்கிய கடன் வங்கிக்குச் சொத்து, அது வலப்பக்கம். ஒரு வங்கி இன்னொன்றை எடுத்துக்கொள்ளும்போது இரண்டு பக்கமும் சேர்ந்துதான் கைமாறுகிறது. வலப்பக்கத்தை வைத்துக்கொண்டு இடப்பக்கத்தை விட்டுவிட முடியாது. டெபாசிட்காரரிடம் "நீங்கள் பணம் போட்டது அந்த வங்கியில்தானே" என்று புது வங்கி சொல்ல முடியாது என்றால், கடன்காரரும் புது வங்கியிடம் அதையே சொல்ல முடியாது.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். கரூரில் 1926-ல் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. அடுத்தடுத்து நஷ்டம் வந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் தீவிரக் கண்காணிப்பில் வைத்தது. 2020 நவம்பர் 17-ஆம் தேதி மாலை மத்திய அரசு தடை உத்தரவு போட்டது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை. நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 27-ஆம் தேதி முதல் வங்கி டிபிஎஸ் பேங்க் இந்தியாவுடன் இணைந்துவிட்டது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டுவந்தது. சுமார் 20 லட்சம் டெபாசிட்தாரர்களின் 20,000 கோடி ரூபாய்க்கு ஆபத்து வரவில்லை. சுமார் 4,000 ஊழியர்களின் வேலையும் தப்பித்தது. தடை உத்தரவு டிசம்பர் 16 வரை என்று சொல்லியிருந்தார்கள். பத்தே நாளில் எடுத்துவிட்டார்கள். ஒரு வங்கி மூழ்கும்போது இவ்வளவு வேகமாக ஜனங்களின் பணத்தைக் காப்பாற்றியது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பாராட்டைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

இந்த இணைப்பு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-ன் 45-ஆவது பிரிவின்படி நடந்தது. ரிசர்வ் வங்கி திட்டம் எழுதும், மத்திய அரசு ஒப்புதல் கொடுக்கும். அதன்பின் அந்தத் திட்டம் டெபாசிட்தாரர், கடன் கொடுத்தவர், பங்குதாரர், ஊழியர் எல்லோரையும் கட்டுப்படுத்தும். தனித்தனியாக யாரிடமும் கையெழுத்து வாங்கத் தேவையில்லை. புது வங்கியோடு ஒப்பந்தம் இல்லையே என்று கேட்ட மாணவருக்கு இதுதான் பதில். உங்கள் பழைய ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. மறுபக்கத்தில் இருக்கும் பெயர்தான் மாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தபோதும் இதேதான். சட்டப்பிரிவு வேறு, பலன் ஒன்று.

ஜாமீன் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. வங்கி இணைந்ததால் மட்டும் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார். ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு ஒன்று சொல்கிறது. ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பின் நடந்த கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பில்லை. 5 லட்சம் வரம்புக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். புது வங்கி உங்களைக் கேட்காமல் அதை 8 லட்சமாக ஆக்கியது என்றால் உங்களுக்கு ஒரு வாதம் இருக்கிறது. ஆனால் ஜாமீன் படிவத்தில் பொடி எழுத்தில், வங்கி நிபந்தனையை மாற்றினாலும் எனக்குச் சம்மதம் என்ற வரி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதைப் படிக்காமல் யாரும் தைரியமாக இருக்க வேண்டாம்.

பலரும் யோசிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கியில் உங்களுக்கு டெபாசிட், இன்னொன்றில் கடன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இணைந்தால் நேற்று வரை தனித்தனியாக இருந்தவை இன்று ஒரே வங்கிக்குள் வந்துவிடும். தவணை தவறினால் டெபாசிட்டிலிருந்து பிடித்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. இன்சூரன்ஸ் விஷயமும் அப்படித்தான். 2020 பிப்ரவரி முதல் டெபாசிட் காப்பீடு ஒரு நபருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம். இரண்டு வங்கி ஒன்றாகிவிட்டால் வரம்பும் ஒன்றுதான்.

எல்லாமே கைமாறிவிடுமா என்றால் இல்லை. குற்றம் கைமாறாது. ரெலிகேர் ஃபின்வெஸ்ட் நிறுவனம் லட்சுமி விலாஸ் வங்கியில் 700 கோடிக்கு மேல் டெபாசிட் வைத்திருந்தது. வேறு நிறுவனங்கள் வாங்கிய கடனுக்காக அந்த டெபாசிட்டை வங்கி எடுத்துக்கொண்டது என்று குற்றப் புகார் கொடுத்தது. இணைப்புக்குப் பிறகு டிபிஎஸ் வங்கியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் பார்த்தார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பழைய வங்கி அதிகாரிகள் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு, மக்கள் பணத்தைக் காப்பாற்ற வந்த புது வங்கியைத் தண்டிக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்ட தனிநபர்கள் மீது வழக்கு தொடரலாம் என்றது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அப்பா வாங்கிய கடனை அவர் விட்டுப்போன சொத்திலிருந்து மகன் அடைப்பான். அப்பா செய்த திருட்டுக்கு மகன் ஜெயிலுக்குப் போகமாட்டான்.

இனி மாமாவின் பங்குப் பத்திரத்துக்கு வருகிறேன். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சார், மூலதனம் நம்ம பணம்தானே, அதை ஏன் பொறுப்புப் பக்கம் எழுதுறோம்?" நிறுவனம் உரிமையாளருக்குத் தர வேண்டியது என்பதால் அங்கே எழுதுகிறோம் என்பேன். ஆனால் ஒரே பக்கத்தில் இருப்பதால் டெபாசிட்டும் பங்கும் ஒன்றாகிவிடாது. டெபாசிட் கடன். பங்கு, எல்லாக் கடனும் தீர்ந்த பிறகு மிச்சம் இருந்தால் கிடைப்பது. லட்சுமி விலாஸ் வங்கித் திட்டத்தில் பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. மதிப்பு பூஜ்யம். 318.20 கோடி ரூபாய் டியர்-2 பாண்டுகளும் அப்படியே போயின. பாண்டு என்ற பெயரைப் பார்த்து டெபாசிட் மாதிரி என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நஷ்டத்தில் பங்குதாரர் முதலில் இழப்பது கணக்குப்படி சரி. என் ஆட்சேபம் வேறு. வரைவுத் திட்டத்தை ரிசர்வ் வங்கி நவம்பர் 17-ல் வெளியிட்டது. ஆட்சேபணை சொல்லக் கடைசி நேரம் நவம்பர் 20 மாலை 5 மணி. மூன்று நாள். பேத்தி கல்யாணத்துக்கு ஆகும் என்று இருபது வருடமாகப் பத்திரத்தைப் பத்திரப்படுத்தியவர், வரைவைப் படித்து, புரிந்துகொண்டு, ஆளைப் பிடித்து இங்கிலீஷில் மனு எழுத அது போதுமா?

அவசரம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். தாமதித்தால் டெபாசிட்காரர்கள் கதவை உடைத்திருப்பார்கள். ஆனால் டெபாசிட்டைக் காப்பாற்றத்தான் அவசரம் தேவை. பங்கின் மதிப்பு பூஜ்யம்தான் என்று நிரந்தரமாக முடிவு செய்ய அதே அவசரம் எதற்கு? இரண்டையும் பிரிக்கலாமே. 2006-ல் இதே 45-ஆவது பிரிவின்படி யுனைடெட் வெஸ்டர்ன் வங்கி ஐடிபிஐ-யோடு இணைந்தபோது பங்குதாரருக்குப் பங்கு ஒன்றுக்கு 28 ரூபாய் கிடைத்தது. விருப்பத்தோடு நடக்கும் இணைப்புக்கு 44ஏ என்ற பிரிவு இருக்கிறது. அதில் பங்குதாரர்கள் வாக்களிக்கிறார்கள். எதிர்த்து வாக்களித்தவர் தன் பங்குக்கு ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் விலையைக் கேட்டு வாங்கலாம். 2001-ல் பேங்க் ஆஃப் மதுரா ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்தபோது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கிடைத்தது. நல்ல நிலையில் இருக்கும் வங்கியின் பங்குதாரருக்கு இத்தனை பாதுகாப்பு. கட்டாய இணைப்பில் சிக்கியவருக்கு மூன்று நாள்.

நான் கேட்பது இரண்டே விஷயம். இணைப்பு முடிந்த பிறகாவது, பங்கின் மதிப்பைக் கணக்கிட்ட விதத்தை அந்தந்த மாநில மொழியில், சாதாரண ஆள் படித்துப் புரியும்படி வெளியிட வேண்டும். அடுத்து, வராக்கடன் என்று ஒதுக்கியதில் பிற்பாடு வசூலாகும் பணத்துக்குத் தனிக்கணக்கு வைத்து, எல்லாப் பாக்கியும் செலவும் போக மிஞ்சினால் பழைய பங்குதாரருக்குத் தர வேண்டும். ஒன்றும் மிஞ்சாது என்றால் நல்லது, அந்தக் கணக்கே அதைக் காட்டிவிடும். பூஜ்யத்தை ஏற்றுக்கொள்ள நாம் தயார். எப்படிப் பூஜ்யம் என்பதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். தேர்வில் விடையை மட்டும் எழுதிச் செய்முறையைக் காட்டாத பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. உங்கள் வங்கி இணைந்திருந்தால் தவணையை நிறுத்தாதீர்கள். பழைய கணக்கில் போகும் ஆட்டோ டெபிட் புதுக் கணக்கில் சரியாக நடக்கிறதா என்று பாருங்கள். புது ஐஎஃப்எஸ்சி எண், காசோலைப் புத்தகம் வாங்குங்கள். டெபாசிட்டில் நாமினி பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பாஸ்புக்கையும் கடன் ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். கணக்கு மாறும்போது தவறு வந்தால் உங்களிடம் இருக்கும் சாட்சி அவைதான். "பாக்கி இவ்வளவு என்று ஒப்புக்கொள்கிறேன்" என்ற கடிதம் வந்தால் தொகையைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காலவரம்புக்குள் நீங்கள் போடும் அந்தக் கையெழுத்து, வழக்குப் போடும் காலக்கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும்.

பென்ஷன் பணத்தை, கிராஜுவிட்டியை வங்கிப் பங்கிலோ பாண்டிலோ போடச் சொல்லி யாராவது வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வங்கி நொடித்தால் இது கடனா, மிச்சமா?" மிச்சம் என்றால், இழந்தாலும் பரவாயில்லை என்ற பணத்தை மட்டும் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கமென்ட்டில் கேளுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன். வக்கீலாகவோ வங்கியிலோ இருக்கும் நம் மாணவர்கள் விட்டுப்போனதைச் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் உதவும். வீட்டில் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.