ஜெயித்தால் மூளை, தோற்றால் முட்டாள்தனம்

மட்டாஞ்சேரி டீக்கடைகளில் ஃபுட்பால் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. பஜார் ரோட்டில் மூட்டை இறக்குகிறவர், பாலஸ் ரோட்டில் கடை போட்டிருப்பவர், ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி உலர்த்தும் நம் தமிழ்க் குடும்பத்துப் பையன்கள் என்று ஆளுக்கு ஆள் அபிமான வீரர் வேறு. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. ஆட்டம் இழுபறியாகப் போனால் அதை முடித்துவைப்பது கோச்சின் மூளை; தோற்றால் கோச்தான் கெடுத்தார்.

இந்த நம்பிக்கை தவறு. நம் ஊர் ஃபுட்பாலை அது உள்ளிருந்து அரிக்கிறது.

2016 டிசம்பர் 18 இரவை எடுத்துக்கொள்வோம். கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் 54,000-க்கும் மேற்பட்டவர்கள் மஞ்சளாக நிறைந்திருந்தார்கள். ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம்; கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரே கொல்கத்தா. 37-ஆவது நிமிடத்தில் மெஹ்தாப் ஹுசைன் அடித்த கார்னரை முகமது ரஃபி தலையால் முட்டிக் கோலாக்கினார். அரங்கம் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே தற்காப்பின் தூணாக நின்ற ஆரோன் ஹியூஸ் காயத்தோடு வெளியேற, என்டோய் உள்ளே வந்தார். 44-ஆவது நிமிடத்தில் இன்னொரு கார்னர், இந்த முறை கொல்கத்தாவுக்கு. செரேனோவின் தலை, 1-1. ஹியூஸின் காயத்தை எந்தப் பயிற்சியாளர் திட்டமிட முடியும்?

அதன்பின் கோலே இல்லை. பெனால்டியில் கேரளாவுக்கு நல்ல தொடக்கம். ஜெர்மன் அடித்தார், கொல்கத்தாவின் இயன் ஹியூம் அடித்ததை கிரஹாம் ஸ்டாக் தடுத்தார், பெல்ஃபோர்ட் அடித்தார். பிறகு என்டோய் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. கடைசியில் கேரளாவின் ஹெங்பார்ட் கோல்கீப்பர் நின்ற இடத்தை நோக்கியே ஓங்கி அடித்தார். கொல்கத்தா கோல்கீப்பர் தேப்ஜித் மஜும்தார் பாய்ந்துவிட்டிருந்தார். ஆனால் பின்னால் நீண்டு கிடந்த அவர் கால் பந்தை மறித்துவிட்டது. கால் ஒரு சாண் தள்ளி இருந்திருந்தால் அது கோல். ஜுவல் ராஜா தன் வாய்ப்பை விடவில்லை. 4-3, கோப்பை கொல்கத்தாவுக்கு. அந்த ஒரு சாணை வைத்துக்கொண்டு கொல்கத்தா கோச் மொலினா மேதை, கேரளா கோச் ஸ்டீவ் கோப்பல் கோழை என்று தீர்ப்பு எழுதினால் அது நியாயமா?

பெனால்டி ஏறக்குறைய நாலில் மூன்று முறை கோலாகும். அதையே கணக்காக வைத்துக்கொண்டால், ஓர் அணியின் ஐந்து அடியும் வலைக்குள் போவது நாலு தடவையில் ஒரு தடவைக்கும் குறைவு. யாராவது தவறவிடுவார்கள் என்பதுதான் இயல்பு. தவறவிட்டவர் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துவிட்டு கோச்சின் தரத்தை அளக்கிறோம்.

ஜெயித்தபோதும் இதே தவறைத்தான் செய்கிறோம். 2022 மே 2, மஞ்சேரி பய்யநாடு மைதானம், சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போட்டது வங்காளம். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது சஃப்நாத் தலையால் முட்டி சமன் செய்தார். பெனால்டிக்கு முன் பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் கோல்கீப்பர் மிதுனை வெளியே அழைத்து ஹஜ்மலை இறக்கினார். 2018 இறுதி ஆட்டத்தில், கொல்கத்தாவிலேயே, வங்காளத்தின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்துக் கோப்பை வாங்கித் தந்தவர் இதே மிதுன். ஆனாலும் கேரளா 5-4 என்று ஜெயித்தது, கோச்சின் முடிவைப் பாராட்டினோம். ஆனால் நடந்தது என்ன? வங்காளத்தின் சஜல் பாக் அடித்த பந்து கோல்கம்பத்துக்கு வெளியே போனது. ஹஜ்மல் தடுத்ததால் வந்த வெற்றி அல்ல அது. மழை பெய்ததற்குக் குடைக்காரனுக்கு நன்றி சொல்வது போன்ற பாராட்டு. அந்தப் பந்து உள்ளே போய், நம் பக்கம் ஒருவர் தவறவிட்டிருந்தால், மிதுனை எடுத்த பாவத்துக்கு பினோ ஜார்ஜ் இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

உலகமே இப்படித்தான் பேசுகிறது. 2014 உலகக் கோப்பை காலிறுதியில் பயிற்சியாளர் வான் கால் பெனால்டிக்காகவே கோல்கீப்பர் டிம் க்ருலை இறக்கினார். க்ருல் இரண்டைத் தடுத்தார். வான் கால் மகான் ஆனார். 2021-இல் யூரோ இறுதியில் பயிற்சியாளர் சவுத்கேட் பெனால்டிக்காகவே ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கடைசி நிமிடத்தில் இறக்கினார். ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, சாஞ்சோவின் பந்தை இத்தாலிய கோல்கீப்பர் தடுத்தார், சவுத்கேட் குற்றவாளி ஆனார். இருவர் எடுத்ததும் ஒரே வகை முடிவு.

அப்படியானால் கோச்சுக்கு வேலையே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, நிறையவே உண்டு. அதே 2022 சந்தோஷ் டிராபி அரையிறுதியில் கர்நாடகா முதல் கோலைப் போட்டதும், அரை மணி நேரத்துக்குள்ளேயே ஒரு வீரரை எடுத்துவிட்டு ஜெசினை இறக்கினார் பினோ ஜார்ஜ். அவ்வளவு சீக்கிரம் ஆளை மாற்ற நெஞ்சுரம் வேண்டும். மம்பாடு எம்.இ.எஸ். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் இடைவேளைக்குள் மூன்று, மொத்தம் ஐந்து கோல் போட்டார், 7-3. எதிரணித் தற்காப்பு வேகத்துக்குத் திணறும் என்று கணித்தது பயிற்சியாளரின் திறமை. ஐந்து கோலை எவராலும் கணித்திருக்க முடியாது. ஜெசின் அன்று ஒரு கோல்கூடப் போடாமல் போயிருந்தாலும் அந்த முடிவு நல்ல முடிவுதான். இதை ஒப்புக்கொள்ளத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

அதன் விலையை மஞ்சள் சட்டைக்காரர்கள் கொடுத்தார்கள். கோப்பல் ஜாம்ஷெட்பூருக்குப் போனபின் நாலு சீசனில் ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள்: மியூலென்ஸ்டீன், டேவிட் ஜேம்ஸ், விங்காடா, ஷட்டோரி, விகூனா. கிடைத்த இடங்கள் ஆறு, ஒன்பது, ஏழு, பத்து. பிறகு வந்த இவான் வுகோமனோவிச்சை ஊரே ஆசான் என்று கொண்டாடியது. முதல் சீசனிலேயே இறுதி ஆட்டம். ஃபட்டோர்டா மைதானத்தில் நம் வாஸ்க்வெஸ் அடித்தது கம்பத்தில் பட்டது, 88-ஆவது நிமிடத்தில் எதிரணியின் தவோரா சமன் செய்தார், பெனால்டியில் அவர்களின் கோல்கீப்பர் கட்டிமணி மூன்றைத் தடுத்தார், கோப்பை நழுவியது. நல்லவேளை, அப்போது அவரை அனுப்பவில்லை; தொடர்ந்து மூன்று சீசன் பிளே-ஆஃப் கண்டோம். 2024-இல் அவர் போனதும் பழைய கதை திரும்பியது. அடுத்து வந்த ஸ்டாரே அதே ஆண்டு டிசம்பரில் நீக்கப்பட்டார்.

பெரிய கிளப் பயிற்சியாளருக்கு இன்னொரு நாட்டில் வேலை கிடைத்துவிடும். எனக்குக் கவலை நம் பள்ளி, கல்லூரி அணிகளைப் பழக்குகிறவர்களைப் பற்றி. நாக்-அவுட்டில் ஒரு டை-பிரேக்கர் தோல்வியோடு வருஷம் முடிந்துபோகும். பெனால்டியைத் தவறவிட்ட பத்தொன்பது வயதுப் பையனைக் கூட்டம் பெயர் சொல்லித் திட்டும்; அவனை அனுப்பிய மாஸ்டரை நிர்வாகம் கூப்பிட்டு விசாரிக்கும். அந்த மாஸ்டர் அடுத்த வருஷம் என்ன செய்வார்? பெஞ்சில் இருக்கும் வேகமான பையனை முப்பதாவது நிமிடத்தில் இறக்கமாட்டார். எண்பதாவது நிமிடம்வரை காத்திருப்பார், யாரும் கேள்வி கேட்க முடியாதபடி. ஜெசின்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.