சங்கிலியை அடகு வைக்கும் முன் மூன்று கேள்விகள்

"ஏம்மா, கோடிங்னு ஒரு படிப்பு இருக்காமே? கம்ப்யூட்டர் கோடிங் இல்லையாம், ஆஸ்பத்திரி கோடிங்காம். எட்டாயிரம் வெள்ளி கட்டினா ஆறு மாசத்துல வேலை உறுதின்னு சொல்றாங்க. சங்கிலிய அடகு வச்சுக் கட்டிடட்டுமா?"

சுங்கை சிப்புட்டிலிருந்து அழைத்த ஒரு தாயாரின் கேள்வி இது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டபின் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர். மகள் எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறாள். வானொலியில் பதில் சொல்ல இரண்டு நிமிடம்தான் கிடைத்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேலையைச் சுலபமாகப் புரியவைக்கலாம். கிராணி செக்ரோலில் ஒரு குறியை மாற்றிப் போட்டால் அன்றைய கூலி குறையும். மருத்துவமனையில் அந்தக் கிராணியின் இடத்தில் இருப்பவர்தான் மெடிக்கல் கோடர். மருத்துவர் எழுதியதைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது அவர் வேலை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இ-11 என்பது குறியீடு. சிக்கல் எதுவும் இல்லையென்றால் இ-11.9. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இ-11.2. கடைசி எண் மாறினால் நோயாளியின் பதிவும் மாறும், பல நாடுகளில் மருத்துவமனைக்கு வரும் பணமும் மாறும்.

விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கோடிங். சென்னையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் பில் வேலையை அங்குள்ள நிறுவனங்கள் எடுத்துச் செய்கின்றன. அதற்குரிய பேர்பெற்ற சான்றிதழ் ஏ.ஏ.பி.சி. அமைப்பின் சி.பி.சி. தேர்வு: 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு. தேறினாலும் அனுபவம் இல்லாதவரின் சான்றிதழில் 'ஏ' என்ற எழுத்து ஒட்டியிருக்கும். பயிற்சி நிலை என்று அதற்குப் பொருள். அனுபவத்தைக் காட்டினால்தான் அது நீங்கும். ஆறு மாதத்தில் வேலை உறுதி என்பவர்கள் இந்த 'ஏ'வைப் பற்றிப் பேசுவதில்லை.

நம் நாட்டு வழி வேறு. அரசு மருத்துவமனைகள் நோய்க்கு ஐ.சி.டி.-10, சிகிச்சை முறைகளுக்கு ஐ.சி.டி.-9-சி.எம். என்று பயன்படுத்தி வந்துள்ளன. அமெரிக்கப் பில்லுக்கான சி.பி.டி. குறியீட்டை மட்டும் கற்றவருக்கு இங்கே அது அதிகம் கைகொடுக்காது. தனியார் மருத்துவமனையின் பில் பிரிவில் வேறு அறிவு வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் உத்தரவாதக் கடிதம் வாங்கத் தெரிய வேண்டும். மருத்துவர் கட்டணத்துக்கு வரம்பு வைக்கும் 2006ஆம் ஆண்டு விதிமுறைகளின் 13ஆம் அட்டவணையும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் துறைக்கு இங்கே எதிர்காலம் உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். காப்புறுதிச் சந்தா ஏற்றத்தால் எழுந்த கொந்தளிப்புக்குப் பின், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா இடைக்கால நடவடிக்கைகளை அறிவித்தது. அதோடு டி.ஆர்.ஜி. என்னும் முறையைத் தனியார் மருத்துவமனைகளுக்கும் கொண்டுவரும் பேச்சு வேகம் பிடித்தது. ஒரே வகை நோயாளிகளை ஒரு தொகுதியாகச் சேர்த்துக் கட்டணம் நிர்ணயிப்பதே அந்த முறை. குறியீடு சரியாக இல்லாவிட்டால் அது நடக்காது. செராஸில் உள்ள யு.கே.எம். மருத்துவமனை வளாகத்தின் கேஸ்மிக்ஸ் மையம் கிளினிக்கல் கோடிங் பயிற்சிகளை நடத்தி வந்திருக்கிறது.

ஆகவே பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, எந்த நாட்டுக் குறியீட்டைச் சொல்லித் தருகிறீர்கள், அதை வைத்து எங்கே வேலை?

இரண்டு, இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் யார் கொடுத்தது? டிப்ளோமா என்றால் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். திறன் சான்றிதழ் என்றால் திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்கலாம். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது, பி.டி.பி.கே. கடனும் கிடைக்காது.

மூன்று, 'வேலை உறுதி' என்பதை எழுத்தில் தருவீர்களா? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா?

பிள்ளைக்கு இந்த வேலை பிடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து, ஆங்கில மருத்துவச் சொற்களோடு பொறுமையாக மல்லுக்கட்டும் வேலை இது. உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். ஈப்போவில் அரசு மருத்துவமனையும் உண்டு, தனியார் மருத்துவமனைகளும் உண்டு. பில் பிரிவிலோ பதிவேட்டுப் பிரிவிலோ வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினாலே பாதி தெளிவு வந்துவிடும். அதற்குக் காசு செலவில்லை.

அந்தத் தாயார் மூன்று கேள்விகளையும் மகளை விட்டு வாட்சாப்பில் அனுப்பச் சொன்னார். மறுநாள் எனக்குக் குரல்பதிவு வந்தது: "முதல் கேள்விக்கே அவங்க இன்னும் பதில் போடலம்மா. சங்கிலி கழுத்துலதான் இருக்கு."