கோவை – கவுகாத்தி: ஒரே விமானம் வேண்டும்

கோவையிலிருந்து கவுகாத்தி வான்வழியில் ஏறத்தாழ 2,270 கிலோமீட்டர். இடைநில்லாமல் பறந்தால் மூன்றேகால் மணி நேரம் போதும். டிக்கெட் தேடுபவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் இடையில் விமானம் மாறி, நாளின் பெரும்பகுதியை விழுங்கும் பயணம்.

டெல்லி வழியே போனால் பறக்கும் தூரம் 3,400 கிலோமீட்டராகிறது. சென்னை வழியே போனால் நேர்வழியைவிடச் சுமார் 20 கிலோமீட்டர்தான் கூடுதல். கோவை–சென்னைக்கு நாள்தோறும் பல விமானங்கள் உண்டு. சென்னையிலிருந்து கவுகாத்திக்கும் நேரடிச் சேவை உண்டு. குறை கால அட்டவணையில்தான் இருக்கிறது. ஒன்று தரையிறங்கும் நேரத்துக்கும் மற்றது புறப்படும் நேரத்துக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. தனித்தனி டிக்கெட் எடுத்தவர் பெட்டியை வாங்கி, மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனை வரிசையில் புதிதாக நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட்டின் பணமும் போய்விடும்.

கோவை, திருப்பூர் ஆலைகளில் வடகிழக்கு மாநிலத் தொழிலாளர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் ரயிலில்தானே போகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். கோவை வழியாகச் செல்லும் திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ், சுமார் 4,200 கிலோமீட்டரை மூன்று நாளுக்கு மேல் ஓடிக் கடக்கிறது. ஆனால் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருக்கும் இளைஞருக்கு ஊரில் தந்தை இறந்த செய்தி வந்தால், ரயில் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். அவருக்கு விமானம் ஆடம்பரமல்ல.

அதற்காக இன்னொரு மானியத் திட்டம் கேட்கவில்லை. மத்திய அரசு மானியம் தரும் உடான் விமானச் சேவைத் திட்டம் சேவையே இல்லாத, அல்லது மிகக் குறைந்த சேவையுள்ள விமான நிலையங்களுக்கானது. கோவையும் கவுகாத்தியும் அப்படிப்பட்டவை அல்ல. மேலும், அதன் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 371-இல்தான் விமானம் பறந்தது. மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுதாகக் கடந்தவை 112 என்று 2023-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. மானியம் நின்றதும் சேவை நிற்பது நமக்குப் பழகிய கதை.

வேண்டியது எளிது. கோவையில் புறப்படும் விமானமே சென்னையில் இறங்கி, முக்கால் மணி நேரத்தில் கவுகாத்திக்குக் கிளம்பட்டும். கவுகாத்திப் பயணிகள் இருக்கையிலேயே இருக்கட்டும். சென்னையில் இறங்குவோரும் ஏறுவோரும் இருப்பதால், கோவைப் பயணிகளை மட்டுமே நம்பி விமானத்தை நிரப்ப வேண்டியதில்லை. மொத்தப் பயணம் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். கோவையில் தாமதமானால் சென்னைப் பயணிகளும் காத்திருக்க நேரும் என்பது நியாயமான கவலைதான். அட்டவணையில் சற்று இடைவெளி விட்டால் அதைச் சமாளிக்கலாம்.

நிறுவனங்களை இதற்கு இணங்க வைக்கும் கருவி அரசின் கையில் 1994 முதலே இருக்கிறது. பயணிகள் மிகுந்த முக்கிய வழித்தடங்களில் பறக்கும் நிறுவனங்கள், அந்தக் கொள்ளளவில் 10 சதவீதத்துக்கு இணையான சேவையை வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான் உள்ளிட்ட பகுதிகளுக்கான வழித்தடங்களில் தர வேண்டும் என்பது விதி. பெருநகரத்திலிருந்து கவுகாத்திக்குப் பறந்தே அந்தக் கணக்கின் பெரும்பகுதியை நிரப்பிவிட முடிகிறது. இரண்டாம் நிலை நகரிலிருந்து ஒரே விமானமாகத் தொடரும் சேவைக்குக் கணக்கில் கூடுதல் மதிப்பு தரும்படி விமானப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்த வேண்டும். அடுத்த பருவ அட்டவணைக்கு முன்பே தமிழக, அசாம் அரசுகள் இணைந்து இந்தக் கோரிக்கையை டெல்லியில் வைக்க வேண்டும்.