ஸ்டெதஸ்கோப்புக்கு மொழி வேண்டாமா?

நோயைக் கருவி கண்டறியும், நோயாளியின் மொழி எதற்கு என்று கேட்போர் உளர். வயிற்றுப் பரிசோதனை ஒன்றே அவ்வாதத்தைப் பொய்யாக்கப் போதும்.

செவிலியர் முதலில் வயிற்றைப் பார்க்கிறார், அடுத்துக் கேட்கிறார், அதன்பின்னரே தட்டியும் அழுத்தியும் பார்க்கிறார். முன்னரே அழுத்தினால் குடலொலி மாறக்கூடும் என்பதே காரணம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 முதல் 30 ஒலிகள் இயல்பு என்றும், ஒலியே இல்லை என்று எழுதுமுன் 5 நிமிடம் கேட்க வேண்டும் என்றும் பாடநூல்கள் விதிக்கின்றன. ஆயினும் ஒரே குடலொலிப் பதிவைக் கேட்ட மருத்துவர்களே மாறுபட்ட முடிவுகளைச் சொன்னதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒலி தனித்து நின்று எதையும் உறுதிசெய்வதில்லை. வாயு பிரிந்ததா, மலம் கழிந்ததா, வாந்தி உண்டா என்ற வினாக்களுக்கு நோயாளி தரும் விடையே அதற்குப் பொருள் தருகிறது.

அவ்விடை எம்மொழியில் வரும்? தில்லி ஜங்புராவின் மதராசி கேம்பில் முதுமையெய்திய தமிழ்ப் பெண்ணொருவர் 'வயிறு இரையுது', 'பொருமலா இருக்கு', 'கல்லாட்டம் கெடக்கு' என்பார். முதலாவது ஒலி, அடுத்தது உப்புசம், மூன்றாவது இறுக்கம். மூன்றும் 'வயிற்றுவலி' என ஒன்றாகப் பதிவானால் இழப்பு தமிழுக்கன்று, நோயறிதலுக்கே.

2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. 370 குடும்பங்களில் 189 மட்டுமே நரேலாவில் மாற்றுவீட்டுக்குத் தகுதி பெற்றன. ஏனையோர்க்கு அத்தகுதி கிடைக்கவில்லை. மருத்துவமனைக்கு உடன்வந்து மொழிபெயர்த்துச் சொல்லக்கூடிய அயலாரும் இவ்வாறு சிதறிவிட்ட நகரில், நோயாளியின் சொல்லைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு மருத்துவமனையுடையதே. செவிலியர் பாடத்திட்டத்தில் அதற்கு இடமளிக்காமல் குடலொலியை மட்டும் எண்ணக் கற்பிப்பது அரைகுறைப் பயிற்சியே.