ஹோப் நகரத்து நாதம்
தர்ப்பூசணிக்குப் பேர்போன ஹோப் என்னும் ஆர்கன்சா மாநிலத்துச் சிற்றூருக்கு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராணுவ உத்தியோக நிமித்தம் வந்த பால் கிளிப்ஷ், யுத்தம் ஓய்ந்த பின்னும் அவ்வூரை விட்டகலாமல், 1946-இல் ஒலிபெருக்கித் தொழிலைத் தொடங்கியதை அவ்வூரின் பாக்கியம் என்றே கருதுகிறேன். அறையின் மூலையில் நிறுத்தியதும், இருபுறச் சுவர்களையுமே தன் கொம்புக்குழலின் நீட்சியாக ஆக்கிக்கொண்டு, சொற்ப மின்சக்தியிலேயே கம்பீரமான நாதத்தை எழுப்பும் அவருடைய கிளிப்ஷ்ஹார்ன் பெட்டி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இண்டியானாபொலிஸுக்குப் பெயர்ந்த பின்னரும் ஹோப் நகரிலேயே உருவாகி வந்திருக்கிறது. யுத்தகாலத் தொலைபேசி நிலையக் கட்டடத்தில் அமைந்த கிளிப்ஷ் அருங்காட்சியகம் போற்றத்தக்கதே. ஆயினும், மரத்தை இழைத்துப் பொருத்தும் தொழிலாளர் நிறைந்த அவ்வூர்த் தொழிற்சாலையையே அவர் வைத்துப்போன பெருஞ்சொத்தாக மதிக்கிறேன். செலவைக் காரணங்காட்டி நிர்வாகிகள் ஒருநாளும் அதை இடம்பெயர்த்துவிடலாகாது.